வெறுநிலம் என்றொரு சொல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்க் கவிதைக்குப் பயணம் புதிய பொருளன்று. பொருள்வயின் பிரிந்த தலைவன் சுரத்தைத் தனியே கடந்தான். உடன்போக்கில் தலைவியும் அச்சுரத்தில் அவனோடு நடந்தாள். ஆற்றுப்படை நூல்களிலோ பாணனும் கூத்தனும் சுற்றத்தோடு, யாழையும் முழவையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார்கள். வழியில் எந்த நிலம் வரும், அங்கு வாழ்வோர் யாவர், அவர்கள் எவ்வுணவைத் தருவார்கள் என்பதையெல்லாம் முன்னே சென்று மீண்டவன் எதிரே வருபவனுக்கு எடுத்துரைத்தான். வழிகாட்டுதல் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்த மொழி தமிழ். அந்த மரபில் வந்தவர்களின் அவையில் இக்காலப் பயணம் ஒன்றை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். அது ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், வெப்ப மண்டல உள்நாட்டில், குடும்பங்கள் கேரவன் இழுத்துக்கொண்டு செல்லும் நெடும்பயணம்.

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியே நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவில் கேரவன் என்பது காரின் பின்னே கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு. படுக்கைகள், எரிவாயு அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் அடங்கும். பணி ஓய்வு பெற்ற முதியோர் மாதக்கணக்கில் இப்படித் திரிவார்கள். அவர்களுக்கு 'நரைத்த நாடோடிகள்' என்ற செல்லப்பெயரும் உண்டு. பிள்ளைகளோடு புறப்படும் குடும்பங்களும் பல. பிள்ளைகள் பாடப் புத்தகங்களைக் கேரவனின் மடிப்பு மேசையில் விரித்து வைத்துப் படிப்பார்கள். தொலைவிலிருந்து கற்பது அந்நாட்டுக்குப் புதிதன்று. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1951ஆம் ஆண்டிலேயே வானொலி வழியாகப் பாடம் நடத்தும் பள்ளி தொடங்கிவிட்டது.

அகப்பாடலின் பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. இப்பயணத்திலோ வீடே குடும்பத்தோடு சேர்ந்து புறப்பட்டுவிடுகிறது. பிரிந்திருக்க எவரும் இல்லை. தாயும் தந்தையும் மக்களும் நான்கு கை அகலமுள்ள கூட்டுக்குள் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி உறங்குகிறார்கள். இவ்வளவு நெருக்கமாக வாழும் இந்தக் குடும்பம், சன்னலுக்கு வெளியே விரியும் நிலத்தோடு எத்தகைய உறவு கொள்கிறது என்பதே இவ்வுரை எழுப்பும் வினா.

குவீன்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள கெய்ன்ஸ் நகரிலிருந்து ஒரு குடும்பம் புறப்படுவதாகக் கொள்வோர், வழியை எளிதில் மனத்தில் வரைந்துகொள்ளலாம். மழைக்காடு படர்ந்த மலையை ஏறிக் கடந்தபின் நிலம் மெல்லத் தாழ்ந்து, மரங்கள் குட்டையாகி, புல்வெளி தொடங்கும். சாலையின் இருபுறமும் கறையான் புற்றுகள் ஆளுயரம் நிற்கும். மேயும் மாடுகளில் திமிலும் தொங்கும் அலைதாடியும் உடையவை மிகுதி. அவை பிராமன் இனத்தவை. இந்திய மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட அவ்வினம் 1933ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஐரோப்பிய மாடுகள் உண்ணிக்கும் வெப்பத்துக்கும் தளர்ந்த நிலத்தில் திமில் மாடு நிலைத்து நின்றது.

சாலையில் சில இடங்களில் தரை சற்றே பள்ளமாக இறங்கி ஏறும். அங்கே நீர் ஒரு துளியும் இராது. மணலும் காய்ந்த இலையுமே கிடக்கும். ஆயினும் பள்ளத்தின் ஓரத்தில் மீட்டர் கணக்குக் குறித்த வெள்ளைக் கம்பம் ஒன்று நட்டிருக்கும். வெள்ளத்தின் ஆழத்தைக் காட்டும் அளவுகோல் அது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பது இயல்பே. புழுதி பறக்கும் இடத்தில் ஆழம் அளக்கும் கோல் எதற்கு? அந்தக் கோல் கேலிப்பொருள் அன்று. டிசம்பர் முதல் மார்ச் வரை பருவமழை இறங்கும்போது அந்தப் பள்ளம் ஆறாகும், சாலை மூடப்படும், ஊர்கள் தனித்தீவாகும். ஆகவேதான் கேரவன் குடும்பங்கள் மே முதல் செப்டம்பர் வரையுள்ள வறண்ட காலத்தைத் தேர்ந்துகொள்கின்றன.

கெய்ன்ஸிலிருந்து மேற்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் சென்றால் நார்மன்டன் என்னும் சிற்றூர் வரும். அதற்கருகில்தான் பர்க், வில்ஸ் என்னும் இரு பயணிகளின் 119ஆம் பாசறை இருந்தது. 1860இல் மெல்பர்னிலிருந்து புறப்பட்ட அவர்களது குழு, கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடந்து 1861 பிப்ரவரியில் இங்கே வந்தது. சதுப்பும் அலையாத்திக் காடும் மறித்ததால் கடலைக் கண்ணால் காணாமலே திரும்பியது. திரும்பும் வழியில் கூப்பர் ஓடைக் கரையில் பர்க்கும் வில்ஸும் மெலிந்து இறந்தனர். ஜான் கிங் என்னும் ஒருவர் மட்டும் யான்ட்ருவான்தா மக்களோடு வாழ்ந்து உயிர் பிழைத்தார். அம்மக்கள் நார்டூ என்னும் செடியின் வித்துறைகளை இடித்து மாவாக்கி உண்பார்கள். தமிழ்நாட்டு வயல்களிலும் குளக்கரைகளிலும் நாலிலையாய்ப் படரும் ஆரைக்கீரையின் நெருங்கிய இனம் அது. பயணிகளும் நார்டூவை உண்டார்கள். ஆனால் அதன் நஞ்சை நீக்கும் பக்குவத்தை முழுதும் அறியாமல் உண்டார்கள் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து. வயிறு நிறைந்தும் உடல் தேய்ந்தது. அவர்கள் இறந்த கரையில் ஒரு சமுதாயம் தலைமுறை தலைமுறையாக உண்டு, ஆடி, மக்களைப் பெற்று வாழ்ந்துகொண்டிருந்தது. வரைபடத்தில் வெற்றிடம் எனக் குறிக்கப்பட்ட இடம் ஒருவருக்குச் சுடுகாடாகவும் மற்றவருக்கு ஊராகவும் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நார்மன்டனிலிருந்து தெற்கே இறங்கி, சுரங்க நகரான மவுண்ட் ஐசாவைத் தாண்டி, காமுவீல் என்ற எல்லைச் சிற்றூரைக் கடந்தால் பார்க்லி மேட்டுநிலம் தொடங்கும். காமுவீலுக்கும் அடுத்த சாலைவிடுதிக்கும் இடையே ஏறத்தாழ 260 கிலோமீட்டர். இடையில் டீசல் இல்லை, கடையும் இல்லை. எதிரே வரும் வண்டியோட்டி சுழல்சக்கரத்திலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்வார். 'ரோடு டிரெய்ன்' எனப்படும் தொடர்சரக்குவண்டி 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். அது முந்திச் செல்லும்போது கிளம்பும் காற்று கேரவனை ஒருபுறம் தள்ளிப் பின் உறிஞ்சி இழுக்கும். தந்தையின் கைகள் இறுகும்; பின்னிருக்கையில் பேச்சு நின்றுவிடும். அந்தி சாய்ந்தால் கங்காருவும் மாடும் சாலைக்கு வரும் என்பதால் பொழுது மயங்குமுன் வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

இந்நெடுவழியில் பயணிகள் அடிக்கடி சொல்லும் சொல் ஒன்று உண்டு: 'இங்கே ஒன்றுமே இல்லை'. வீட்டுக்கு எழுதும் கடிதத்திலும் அதே சொல். படம் எடுத்து அனுப்பும்போதும் அதே சொல். இச்சொல்லைச் சற்று நிறுத்தி ஆராய்தல் வேண்டும். ஏனெனில் அதற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு.

பிரித்தானியர் ஆஸ்திரேலியாவைத் தமதாக்கிக்கொண்டபோது, அந்நிலம் முன்பே எவருக்கும் உரியதாக இருந்ததென ஏற்கவில்லை. எவருக்கும் உரியதல்லாத நிலம் என்னும் கருத்து பின்னர் சட்டக் கொள்கையாக வேரூன்றியது. டாரஸ் நீரிணையிலுள்ள மேர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவருடன் சிலரும் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்று உயர்நீதிமன்றம் அக்கொள்கையை மறுத்தது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். 'ஒன்றுமில்லை' என்பது களைத்த பயணியின் வாயில் ஒரு பெருமூச்சு. ஆட்சியாளரின் ஏட்டில் அதுவே மக்களின் உரிமையை இருநூறு ஆண்டுகள் மறைத்து வைத்த சொல். கவிதையில் அச்சொல் எதுவாகும் என்பதைக் கவிஞர்களே எண்ணிப் பார்க்க வேண்டும். நிலத்தைக் கண்டு 'வெறுமை' எனப் பாடுதல் எளிது. படிமமும் உடனே கிட்டும். ஆனால் அந்த வெறுமை நிலத்தில் உள்ளதா, பார்ப்பவரின் அகராதியில் உள்ளதா?

பார்க்லி நெடுஞ்சாலை முடியுமிடத்தில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை குறுக்கிடும். டார்வினிலிருந்து தெற்கே போர்ட் அகஸ்டா வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளும் அது, 1862இல் வடகடலை எட்டிய ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் பெயரைத் தாங்கியது. அவர் சென்ற வழியை ஒட்டியே 1872இல் கண்டத்தின் குறுக்கே தந்திக் கம்பி இழுத்து முடிக்கப்பட்டது. வடக்கே திரும்பிச் சென்றால் மாட்டரங்கா வரும். பனைவகை மரங்களின் நிழலில் 34 பாகை வெப்பமுள்ள ஊற்று நீர் தெளிந்து ஓடும் இடம் அது. பல நாள் புழுதியைக் கழுவப் பிள்ளைகள் அதில் பாய்வார்கள். இதற்கருகிலுள்ள எல்சி மாட்டுப் பண்ணையில் 1902இல் வாழ்ந்த ஜீனி கன் எழுதிய 'வீ ஆஃப் த நெவர் நெவர்' என்னும் நூல் 1908இல் வெளிவந்து புகழ்பெற்றது. 'ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை' என்று ஒரு நாட்டுப்புறத்துக்கே பெயர் வைத்திருந்தார்கள் என்பது கருதத்தக்கது.

அங்கிருந்து சிறிது தொலைவில் கேத்தரின் நகரும் அதன் பெருமலையிடுக்கும் உள்ளன. ஆங்கிலப் பெயர் கேத்தரின் இடுக்கு. ஜாவோயின் மக்கள் வழங்கும் பெயர் நிட்மிலுக். நபிலில் என்னும் படைப்புக்கால முதல்வன் அவ்விடத்துக்கு வந்தபோது 'நிட், நிட், நிட்' என்ற சில்வண்டின் ஒலியைக் கேட்டான்; அவ்வொலியையே இடத்துக்குப் பெயராக்கினான் என்பது அவர்கள் மரபு. சில்வண்டு என்னும் தமிழ்ச்சொல்லும் ஒலியால் அமைந்ததே அல்லவா? ஒரு பெயர் சீமாட்டி ஒருவரின் நினைவாக வைக்கப்பட்டது. மற்றது செவியைத் தீட்டிக்கொண்டு கேட்டு வைக்கப்பட்டது. 1989இல் அந்நிலம் ஜாவோயின் மக்களுக்கு உரிமையாக மீண்டது. பூங்காவும் நிட்மிலுக் என்ற பெயரைப் பெற்றது. இன்று அங்கே தங்கும் குடும்பம், கரையில் வெயில் ஏறும்போது சில்வண்டு ஒலித்தால், இடத்தின் பெயரையே கேட்கிறது.

இனி இப்பயணத்தின் உள்ளீடான பகுதிக்கு வரலாம். டார்வினுக்குக் கிழக்கே ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் காக்கடு தேசியப் பூங்கா விரிந்துள்ளது. உபிர் என்னும் பாறைக்குடைவுகளில் மீன்களின் முள்ளெலும்பு தெரிய வரைந்த ஓவியங்கள் உண்டு. பெருநிலப்பகுதியில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபட்ட வரிவிலங்கான தைலசினின் உருவமும் உண்டு. அதே வட்டாரத்தில் மட்ஜெட்பெபெ என்ற குடைவில் மனிதர் வாழ்ந்த காலம் 65,000 ஆண்டுகள் எனக் கணித்த ஆய்வு 2017இல் வெளியாயிற்று. அக்கணக்கைப் பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டு. நெடுந்தொன்மை பற்றி ஐயமில்லை.

ஆங்கிலேய வழக்கில் வடபகுதிக்குப் பருவம் இரண்டே: ஈரம், வறட்சி. காக்கடுவின் மக்களுக்கோ பருவம் ஆறு. இடியும் புழுக்கமும் கூடும் முன்மழைக்காலம் குனுமெலெங். வெள்ளம் பரந்து, பாம்பும் உடும்பும் மரமேறும் பெருமழைக்காலம் குஜெவ்க். ஈட்டிப்புல் இரண்டு மீட்டருக்கு மேல் வளர்வது அப்போதுதான். ஏப்ரலில் சுழன்றடிக்கும் கடைசிப் புயற்காற்று அப்புல்லைத் தரையோடு சாய்த்தால் அது பங்கெரெங். விடியலில் மூடுபனி நீர்நிலைமேல் தங்க, அல்லி படர்ந்து கிடக்கும் காலம் யெக்கெ. இரவு குளிர, ஓடைகள் ஓட்டம் நிற்க, கொழுத்த வாத்துகள் சுருங்கும் குட்டைகளில் மொய்க்கும் காலம் வுர்கெங். காற்றற்ற கடும்வெயிலில் நீள்கழுத்து ஆமையைச் சேற்றில் தேடும் காலம் குருங். பின்னர் மேகம் திரண்டு மீண்டும் குனுமெலெங்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளைப் பயின்ற செவிக்கு இது வியப்பூட்டும். ஆயினும் இவ்வெண்ணின் ஒற்றுமையைக் கொண்டு இரு மக்களுக்கும் பழைய உறவு கற்பிப்பது ஆராய்ச்சி ஆகாது. பருவக்காற்றின் கீழ் வாழ்வோர் காலத்தைக் கூர்ந்து பகுத்தார்கள் என்ற அளவே உண்மை, அவ்வுண்மையே போதுமானது. வேறுபாடும் நோக்கத்தக்கது. தமிழ்ப் பெரும்பொழுதுகள் இரண்டிரண்டு திங்களாக ஒத்த அளவின. காக்கடுவின் பருவங்கள் நீண்டும் குறுகியும் வரும். நாட்காட்டி அவற்றைத் தொடங்கி வைப்பதில்லை. பூவும் காற்றும் பறவையும் தொடங்கி வைக்கின்றன.

யெக்கெயில் ஒருவகை யூக்கலிப்டஸ் மரம் பூத்தால், காட்டில் சிறுதீ வைக்கும் காலம் வந்தது என்று பொருள். ஈரம் முழுதும் அகலாத புல்லில் தீ மெல்லப் படர்ந்து தானே அவியும். இடையிடையே எரிந்த திட்டுகள் இருப்பதால், பின்வரும் கடுங்கோடையில் பெருந்தீ பரவ வழியிராது. நிலத்தைத் தூய்மை செய்தல் என்றே இதனை அவர்கள் சொல்வார்கள். கேரவன் குடும்பமோ சாலையோரம் கரிந்த புல்லையும் புகையையும் கண்டு காடு அழிகிறதென இரங்கும். அப்புகைக்கு மேல் பருந்துகள் வட்டமிடும். தப்பியோடும் பூச்சியையும் பல்லியையும் பிடிக்கும். கரும்பருந்து எரிகொள்ளியைக் கவ்விச் சென்று வேறிடத்தில் இட்டுத் தீ மூட்டும் என்பது வடநிலத்து மக்கள் நெடுங்காலமாகக் கூறிவந்தது. அவர்கள் கூற்றுகளையும் பிறர் கண்ட காட்சிகளையும் தொகுத்த ஆய்வு 2017இல்தான் அச்சேறியது. சென்னை வானில் வட்டமிடும் கரும்பருந்தும் அதே இனம்.

ஆறு பருவத்தில் கேரவன் குடும்பங்கள் காண்பது பெரும்பாலும் யெக்கெயும் வுர்கெங்கும்; சற்றுத் தாமதித்தவர்கள் குருங்கின் தொடக்கத்தையும் காண்பார்கள். நான்கு பருவம் அவர்கள் வாராத காலத்தில் நிகழ்ந்து முடிகிறது. ஆற்றின் ஆழம் காட்டும் கோல் மணலில் நின்று சொன்னது இதைத்தான்.

இவ்விடத்தில் தொல்காப்பியம் கைகொடுக்கிறது. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கும் நிலம் வகுத்த தொல்காப்பியர், பாலைக்குத் தனிநிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலை ஆகும் எனச் சிலப்பதிகாரம் விளக்கும். பாலை என்பது நிலத்தின் சாதி ஆகாது. அது காலம் நிலத்துக்குத் தரும் ஒரு கோலம். இக்கொள்கையை உள்வாங்கிய கண், வறண்ட ஓடையைக் கண்டு 'இது பாழ்' எனத் தீர்ப்புக் கூறாது. 'இது இப்போது பாலை. மழையில் எதுவாக இருக்கும்?' என்று கேட்கும். தமிழ்க் கவிஞர் வடஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லத்தக்க சீதனம் இதுவே. தமிழ்ப் பூக்களின் பெயரை அந்நாட்டுப் பூக்களுக்கு இட்டுவிடுவது அன்று. முதலும் கருவும் அறியாமல் உரிப்பொருள் பாடலாகாது என்ற கட்டுப்பாடு.

பெயர் அறியாமல் பாடுவதன் கேட்டுக்குக் காக்கடுவின் ஆறுகளே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கரையை அளந்த பிலிப் பார்க்கர் கிங், ஆற்றில் கண்ட முதலைகளை அமெரிக்க வகையான அலிகேட்டர் என மயங்கினார். ஆஸ்திரேலியாவில் அலிகேட்டர் இயற்கையாக வாழ்வதே இல்லை. ஆயினும் கிழக்கு அலிகேட்டர் ஆறு, தெற்கு அலிகேட்டர் ஆறு என அப்பெயர்கள் இன்றும் வரைபடத்தில் நிற்கின்றன. ஒருமுறை தவறாக வைத்த பெயர் இருநூறு ஆண்டு நீடிக்கும்.

சரியான பெயர்களோ அவ்வளவு நீடிப்பதில்லை. காக்கடு என்ற பெயர் காகுஜு என்னும் மொழியின் பெயரிலிருந்து வந்தது. அம்மொழியைப் பேசிய கடைசி மனிதர் என அறியப்பட்டவர் பில் நெய்ஜி. பூங்கா உருவாக உறுதுணையாக இருந்தவர். தம் நிலத்தின் அறிவு தம்மோடு முடிந்துவிடலாகாது என்று வெளியாருக்கும் அதைச் சொல்லத் துணிந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியவை, பேச்சின் மூச்சு விழுந்த இடங்களில் வரி பிரித்து, கவிதை போல் அச்சிடப்பட்டன. 1985இல் 'காக்கடு மேன்', 1989இல் 'ஸ்டோரி அபவுட் ஃபீலிங்' என நூல்களாயின. 2002இல் அவர் மறைந்தார். பூங்காவின் வாயிற்பலகையில் ஒரு மொழியின் பெயர் இருக்கிறது. அம்மொழியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள எவரும் இல்லை. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய மொழியின் கவிஞர்கள், பேசுவோர் பெருகியிருக்கும் காலத்திலும் கருப்பொருட் சொற்களை எத்தனை இழந்துவிட்டார்கள் என்பதை இவ்விடத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து மரங்களின் பெயரும் பத்துப் பறவைகளின் பெயரும் சொல்லத் தடுமாறும் கவிஞர் 'இயற்கை' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுகிறார். வெறுநிலம் அங்கேயும் தொடங்கிவிடுகிறது.

குறுகிய விடுமுறையில் செல்லும் குடும்பம் ஒரு நாட்டை முழுதும் அறிந்துவிட வேண்டும் என எதிர்பார்த்தல் நியாயமாகாது. அவர்களால் இயல்வது சிறிதே, அச்சிறிது பெரிது. காக்கடுவில் உள்ளூர் மக்கள் நடத்தும் நடைப்பயணத்தில் ஒரு காலைப்பொழுது சேர்ந்துகொள்ளலாம். முதலை உலவும் கரையில் எச்சரிக்கைப் பலகையை மதித்துத் தள்ளி நிற்கலாம். நுழையலாகாது என்று குறித்த இடத்தில் நுழையாதிருக்கலாம். எல்லா இடமும் எல்லார்க்கும் காட்டுவதற்கன்று என்பதும் அந்நிலத்தின் கல்வியே. மடிப்பு மேசையில் பாடம் எழுதும் பிள்ளை, நாட்குறிப்பில் 'இன்று 480 கிலோமீட்டர்' என்பதோடு நில்லாமல், 'இன்று யெக்கெ, மூடுபனி இருந்தது' என்று ஒரு வரி எழுதினால், அந்நாள் வீணாகவில்லை.

கவிஞர்களுக்கு இதினும் கூடுதல் கடமை உண்டு. ஆற்றுப்படை பாடியவன் தான் கடந்த வழியில் வாழ்ந்தவர்களின் பெயரையும் தொழிலையும் உணவையும் அறிந்து சொன்னான். அதனால்தான் அவன் சொல்லை நம்பி மற்றவன் நடந்தான். இவ்வட்டம் தன் அடுத்த பத்தாண்டில் அரங்கேற்றும் கவிதைகள் எந்நாட்டு நிலத்தைப் பாடினாலும், அந்நிலத்தார் தம் நிலத்துக்கு இட்ட பெயர் ஒன்றையேனும் கேட்டறிந்து பாடுமாயின், அதுவே இப்பத்தாண்டு உழைப்புக்குச் சிறந்த பயனாகும்.